ஓவியத்தைத் தொழிலாக்கிய இரவிவர்மர்

திருமகளை நினைந்து கண்மூடினால் நம் அகக்கண்முன் தோன்றும் வடிவம் யாது? நீரிடை மலர்ந்த தாமரைமீது நின்ற கோலம், நான்கு கைகள், மேலிரு கைகளில் தாமரை மலர்கள், சரிகைக் கரையிட்ட சேலை, அருகே துதிக்கையில் மாலை ஏந்திய யானை. கலைமகளை நினைந்தாலோ, நீர்த்துறையின் அருகே பாறைமேல் வெண்ணிற ஆடை உடுத்து, வீணை மீட்டி, பக்கத்தில் மயில் நிற்க வீற்றிருக்கும் நங்கையே தோன்றுவாள். இவ்வடிவங்கள் தொன்றுதொட்டு இவ்வாறே வழங்கி வந்தன எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. தெய்வ வடிவங்களுக்குச் சிற்பநூல் கூறும் இலக்கணம் மிகப் பழையது. கருவறைச் சிலையிலும் செப்புத் திருமேனியிலும் அவ்விலக்கணத்தைக் காணலாம். ஆனால் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்திலே நாம் காணும் அம்முகமும், அச்சேலைக் கட்டும், அந்நிற்கும் பாங்கும் ஏறத்தாழ 130 ஆண்டுகட்கு முன்பு பம்பாய் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றிலிருந்து வெளிப்போந்தவை. அவற்றை எழுதியவர் கிளிமானூர் இரவிவர்மர்.

கேரள மாநிலத்தில், திருவனந்தபுரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கிளிமானூர் உள்ளது. பழைய திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த ஊர் அது. அங்குள்ள அரண்மனையில் வாழ்ந்தோர் கோயில் தம்புரான் என்னும் மரபினர். திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு வழிவழியாக மணவுறவு பூண்டவர். அக்குடும்பத்தில் 1848-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 29-ஆம் நாள் இரவிவர்மர் பிறந்தார். தந்தையார் நீலகண்ட பட்டதிரி வடமொழி வல்லவர். தாயார் உமையம்பாள் கவி பாடும் ஆற்றல் வாய்ந்தவர். பார்வதி சுயம்வரம் என்னும் துள்ளற்பாட்டு அவர் இயற்றியதே. இரவிவர்மர் பெயருக்கு முன் வழங்கும் ராஜா என்னும் சொல்லைக் கண்டு அவரை நாடாண்ட மன்னர் என மயங்குவாரும் உளர். அவர் எந்நாட்டையும் ஆண்டவரல்லர்.

சிறுவர் இரவிவர்மர் அரண்மனைச் சுவர்களிலெல்லாம் கரித்துண்டு கொண்டு யானையும் குதிரையும் வரைவார். வேலையாட்கள் வெள்ளையடிக்க வெள்ளையடிக்கச் சுவர் மீண்டும் கறுத்துக்கொண்டே இருந்தது. தாய்மாமனாகிய இராஜராஜவர்மர் தஞ்சாவூர்ப் பாணியில் படம் எழுதுபவர். அவர் ஒருநாள் பாதியில் விட்டுச் சென்ற ஓவியத்தில், மருகன் தானே புகுந்து ஒரு பறவையை எழுதி முடித்து வைத்தான் என்றும், மாமன் திரும்பி வந்து பார்த்துச் சினவாமல் மகிழ்ந்தார் என்றும் கூறுவர். அன்றுமுதல் மாமனே ஆசிரியரானார். இலையும் பூவும் மரப்பட்டையும் மண்ணும் கொண்டு வண்ணம் கூட்டும் பழைய முறையை அவர் கற்பித்தார். மருகனுக்கு 14 வயதானபோது அவனைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன் நிறுத்தினார். மகாராஜா கலையறிவு மிக்கவர். அரண்மனை ஓவியங்களையும் ஓவிய நூல்களையும் கண்டு பயிலுமாறு இளைஞருக்கு இடமளித்தார். 1866-இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதி அம்மையாரோடு அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது.

அந்நாளில் எண்ணெய் வண்ண ஓவியம் நம் நாட்டிற்குப் புதியது. ஐரோப்பியரிடமிருந்து வந்த அக்கலையை அறிந்தோர் மிகச் சிலரே. மதுரையிலிருந்து வந்து திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய இராமசாமி நாயக்கர் அவருள் ஒருவர். இரவிவர்மர் அவரை அணுகிக் கற்பிக்குமாறு வேண்டினார்; அவர் இசையவில்லை. ஆறுமுகம் பிள்ளை என்னும் அவர் மாணாக்கர், ஆசிரியர் அறியாவண்ணம் இரவில் வந்து சில நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்பர். 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர், மகாராஜாவின் உருவத்தை எழுதும்பொருட்டுத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க மறுத்தார். மகாராஜாவின் வேண்டுகோளுக்கு இணங்கி, தாம் எழுதும்போது அருகிருந்து பார்க்க மட்டும் உடன்பட்டார். பார்த்ததே இரவிவர்மருக்குப் பாடமாயிற்று. கண்டதைத் தம் அறையில் தனித்திருந்து செய்து பார்ப்பார், பிழைபடும், அழிப்பார், மீண்டும் எழுதுவார்.

கற்பிக்க மறுத்த அவ்விருவரையும் பொறாமையுடையோர் என எளிதிற் பழித்துவிடலாம். ஆயினும் அவர்கள் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் அரண்மனை, ஒரு மன்னர், அவர் விரும்பினால் ஓர் ஓவியம். இதுவே அந்நாளைய ஓவியனின் வாழ்வு. மன்னர் மாறினால் பிழைப்பும் மாறும். இரண்டாம் ஓவியன் ஒருவன் தோன்றினால் முதல்வனின் சோறு பாதியாகும். ஆதலின் வண்ணம் கூட்டும் பக்குவத்தை மகனுக்கன்றிப் பிறருக்குச் சொல்லாமல் மறைத்து வைத்தனர். வாங்குவோர் சிலராய் இருந்தமையின் கற்போரும் சிலராகவே இருந்தனர். பிற்காலத்தில் இரவிவர்மர் செய்த செயலின் அருமை இந்நிலையை அறிந்தார்க்கே விளங்கும்.

1870-இல் அவர் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று நோன்பிருந்தார். பின்னர்க் கோழிக்கோட்டில் நீதிபதி ஒருவரின் குடும்பத்தை ஓவியமாக எழுதிக் கொடுத்து அதற்கு ஊதியம் பெற்றார். அரச மரபில் வந்த ஒருவர் தம் கைத்தொழிலுக்குக் கூலி பெறுவதா எனக் குறைகூறியோரும் இருந்தனர். இரவிவர்மர் அதனைப் பொருட்படுத்தவில்லை. தச்சனுக்கும் கொல்லனுக்கும் கூலி இழிவன்றாயின் ஓவியனுக்கு மட்டும் எவ்வாறு இழிவாகும்? அன்றுமுதல் ஓவியம் அவருக்குப் பொழுதுபோக்காக இல்லாமல் தொழிலாயிற்று.

1873-இல் சென்னையில் நடைபெற்ற ஓவியப் பொருட்காட்சிக்கு, கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் குலப் பெண்ணின் ஓவியத்தை அனுப்பினார். ஆளுநரின் பொற்பதக்கம் அதற்குக் கிடைத்தது. அவ்வாண்டே வியன்னா நகரத்து உலகப் பொருட்காட்சியிலும் பரிசு பெற்றார். மறு ஆண்டு தமிழ்ப் பெண் ஒருத்தி இசைக்கருவி வாசிக்கும் ஓவியமும் சென்னையில் பரிசு பெற்றது. இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்கு 1875-இல் அஃது அன்பளிப்பாக வழங்கப்பட்டது. 1876-இல் எழுதிய சகுந்தலை ஓவியம் இன்னும் புகழ்பெற்றது. புல்தரையிற் கிடந்து தாமரை இலையில் காதல் மடல் வரையும் சகுந்தலையைக் கண்ட சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் அதனை விலைக்கு வாங்கினார். சாகுந்தல நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் தம் நூலின் முகப்பில் அவ்வோவியத்தை அமைத்துக்கொண்டார். நாடெங்கிலுமிருந்து ஓவியம் வேண்டிக் கடிதங்கள் குவிந்தன. அவற்றைக் கையாளுதற்பொருட்டே கிளிமானூரில் அஞ்சல் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது என்பர்.

இவ்வளவு பெருமையும் எய்திய பின்னரும் அவ்வோவியங்களைக் கண்ணால் கண்டோர் எத்துணைப் பேர்? ஓர் ஓவியம் எழுதப் பல மாதம் ஆகும். எழுதி முடித்ததும் அது மன்னர் மாளிகைக்கோ ஆளுநர் இல்லத்திற்கோ சென்று சேரும். பின்னர் அம்மாளிகையின் விருந்தினரே அதனைக் காண்பர். உழவனும் வணிகனும் ஓவியர் பெயரைக் கேட்கலாம். ஓவியத்தைக் காண்பதற்கு வழியில்லை.

இக்குறையை முதலில் உணர்த்தியவர் சர் டி. மாதவராவ். கும்பகோணத்திற் பிறந்த அப்பெரியார் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களில் திவானாக விளங்கியவர். 1881-இல் சாயாஜிராவ் கெய்க்வாட் மன்னர் ஆட்சிப் பொறுப்பேற்ற விழாவின்பொருட்டு இரவிவர்மர் பரோடாவுக்கு அழைக்கப்பெற்றதும் அவர் முயற்சியாலேயே. இரவிவர்மரின் ஓவியங்களை விரும்புவோர் ஆயிரக்கணக்கில் இருக்க, அவருக்கு இருப்பவை இரண்டு கைகளே என்பதை மாதவராவ் நன்கு அறிந்தார். சிறந்த ஓவியங்கள் சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி, வண்ணப் படங்களாக அச்சிட்டு வரவழைக்குமாறு 1884-இல் அவர் கடிதம் எழுதினார். அதனால் ஓவியரின் புகழ் பரவும். நாட்டுக்கும் அது தொண்டாகும் என்பது அவர் கருத்து. திவான் பதவியில் வரவும் செலவும் கணக்கிட்டுப் பழகிய அறிஞர் ஒருவருக்கே இவ்வெண்ணம் தோன்றியது வியப்பன்று.

ஆயினும் அறிவுரை செயலாவதற்குப் பத்தாண்டுகள் சென்றன. இடையில் பரோடா மன்னர் தம் புதிய அரண்மனைக்கெனப் புராண இதிகாசக் காட்சிகள் 14 எழுதித் தருமாறு கேட்டார். 1888-இல் பணி தொடங்கிற்று. நளனும் தமயந்தியும், சாந்தனுவும் கங்கையும் எவ்வகை ஆடை அணிந்திருப்பர்? இவ்வினா இரவிவர்மரை வருத்தியது. பஞ்சாபியர் உடை வேறு, வங்காளியர் உடை வேறு, மலையாளத்தார் உடை வேறு. எல்லா நாட்டாரும் தம்மவர் என ஏற்கும் உடை ஒன்று வேண்டும். ஆதலின் தம்பி இராஜராஜவர்மரோடு வடநாடு முழுதும் சுற்றினார். மாமன் பெயரையே தாங்கிய இத்தம்பியும் சிறந்த ஓவியர். தமையனாரின் ஓவியங்களில் மலையும் நீரும் வானும் எழுதுபவர். கடிதப் போக்குவரத்தையும் கணக்கையும் கவனிப்பவர். நாட்குறிப்பு எழுதும் வழக்கமுடையவர். பல நாட்டு உடைகளையும் கண்டு ஆராய்ந்த இருவரும் நீண்ட சேலையையே பெண் தெய்வங்களுக்கும் காப்பியத் தலைவியருக்கும் உரிய உடையாகத் தேர்ந்தனர். ஓவியங்கள் 1890-இல் முடிவுற்றன. பரோடாவில் அவை பொதுமக்கள் காணுமாறு வைக்கப்பட்டபோது மக்கள் திரள் திரளாக வந்தனர். அரண்மனைச் சுவருக்கு உள்ளே செல்லவிருந்த ஓவியங்களைக் காண இத்துணை மக்கள் வேட்கையுற்றிருந்தனர் என்பதை ஓவியர் கண்கூடாகக் கண்டார். 1893-இல் அமெரிக்க நாட்டுச் சிகாகோ பொருட்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களும் பரிசும் பாராட்டும் பெற்றன. விவேகானந்த அடிகள் சொற்பொழிவாற்றிய சர்வசமயப் பேரவையும் அப்பொருட்காட்சியை ஒட்டியே கூடியது.

இனிப் பெறுதற்குப் புகழ் யாதும் எஞ்சவில்லை. நாற்பத்தாறு வயதில், எவ்விடரும் இன்றி ஓவியம் எழுதிப் பொருளீட்டி வாழ்ந்திருக்கலாம். அவரோ தாம் ஈட்டிய பொருளையெல்லாம் ஒரு புதுத் தொழிலில் இட்டார். ஐரோப்பாவுக்கு ஓவியத்தை அனுப்பி அச்சிட்டுப் பெறுவதைவிட அச்சுப்பொறியையே இந்நாட்டுக்குக் கொண்டுவருதல் நன்று எனத் துணிந்தார். 1894-இல் பம்பாயில் கிர்காம் என்னும் பகுதியில், வணிகர் ஒருவரைக் கூட்டாளியாகக் கொண்டு வண்ண அச்சுக்கூடம் நிறுவினார். பொறிகளும் அவற்றை இயக்கவல்ல தொழில் வல்லுநரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம். பின்னர்த் திருமகளும் கலைமகளும் பிறவும் தொடர்ந்து வந்தன. வண்ணப் படம் அச்சிட்டோருள் இவரே முதல்வர் எனல் பொருந்தாது. புணேயிலும் கல்கத்தாவிலும் முன்னரே அத்தகைய அச்சுக்கூடங்கள் இருந்தன. ஐரோப்பாவிலிருந்தும் படங்கள் கப்பலேறி வந்தன. ஆனால் நாடறிந்த பேரோவியர் ஒருவர் தம் பெயரையும் பொருளையும் பொறியோடு பிணைத்தது அதுவரை காணாத செய்தி.

அந்நாளைய அச்சு முறை அறிந்துகொள்ளத்தக்கது. அதற்குக் கல்லச்சு என்று பெயர். ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் என்பார் 1796-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனைக் கண்டுபிடித்தார். பவேரியா நாட்டில் கிடைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லை வழுவழுப்பாகத் தேய்த்து, அதன்மேல் கொழுப்புக் கலந்த மையால் படத்தை வரைவர். அச்சில் இடம் வலமாக மாறுமாதலின் கல்மேல் படத்தைத் திருப்பி வரைதல் வேண்டும். பின்னர்க் கல்லை நீரால் நனைப்பர். கொழுப்புப் பட்ட இடம் நீரை ஏற்காது. ஏனைய இடம் ஏற்கும். அந்நிலையில் எண்ணெய் மையை உருட்டினால், நீர் நின்ற இடத்தில் மை ஒட்டாது. வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் நீரும் கலவா என்னும் எளிய உண்மையே இத்தொழிலுக்கு அடிப்படை. ஒரு கல்லுக்கு ஒரு வண்ணம். மஞ்சளுக்கு ஒரு கல், செம்மைக்கு ஒரு கல், நீலத்திற்கு ஒரு கல், உடல் நிறத்திற்கு வேறு சில எனப் படம் ஒன்றுக்குப் பல கற்கள் வேண்டும். ஒரு வண்ணம் உலர்ந்த பின்னரே அடுத்தது. தாள் மயிரிழை பிசகினும் திருமகளின் இதழ்ச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். இறுதியில் மெருகெண்ணெய் பூசி, எண்ணெய் வண்ண ஓவியம் போலப் பளபளக்கச் செய்வர்.

இவ்வேலை ஒருவரால் ஆவதன்று. கல்லைத் தேய்ப்பவர் ஒருவர். ஓவியத்தின் வண்ணங்களைப் பகுத்துக் கற்களில் வரைபவர் ஒருவர். மை கூட்டுபவர், பொறி இயக்குபவர், தாள் இடுபவர், உலர்த்துபவர் எனப் பலர். அச்சுக்கூடத்திற்கு வெளியே, மரச்சட்டம் செய்யும் தச்சரும், கண்ணாடி அறுப்போரும், திருவிழாக் கூட்டத்தில் படம் விற்கும் சிறு வணிகரும் இதனால் பிழைத்தனர். செட்டிநாட்டு இல்லங்களில் இப்படங்கள் வரிசை வரிசையாகத் தொங்கின. படத்திலுள்ள சேலைமேல் உண்மைத் துணியும் சரிகையும் மணியும் வைத்துத் தைத்து அழகு செய்யும் கைவேலையும் எழுந்தது. மாமன் மருகனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்த கலை, முன்பின் அறியாத பலருக்குச் சோறிடும் தொழிலாயிற்று.

பொருள்வகையினும் பெரிதாகக் கருதத்தக்க பயன் ஒன்றுண்டு. அந்நாளில் கோயிலுள் நுழையும் உரிமை எல்லார்க்கும் இல்லை. பிறப்பைக் காரணம் காட்டி எண்ணற்ற மக்களைக் கோபுர வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தனர். தம் நாட்டுக் கோயிலில் குடிகொண்ட தெய்வத்தின் வடிவம் எத்தகையது என்றே அறியாது மாண்டவர் பலர். அச்சுப் படமோ வாங்குவோனின் குலத்தை வினவுவதன்று. ஓவியத்தின் விலையை நோக்க மிகச் சிறிய தொகைக்குத் தெய்வம் குடிசைக்குள் புகுந்தது; அங்கே விளக்கேற்றவும் மலர் சூட்டவும் யார் அனுமதியும் வேண்டுவதில்லை. இரவிவர்மர் சாதிக் கட்டுப்பாட்டை எதிர்த்து இயக்கம் நடத்தியவர் என்று கூறுதல் மிகையாகும். அச்சுப்பொறியை நிறுவியபோது வணிக நோக்கமும் அவருக்கு இருந்தது. ஆயினும் பொறி தன் வேலையைச் செய்தது. அவர் மகள்வழிப் பேத்தியர் இருவர் 1900-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்குச் சுவீகாரம் சென்றனர். அவருள் ஒருவராகிய சேது பார்வதிபாயின் மகனே சித்திரைத் திருநாள் மகாராஜா. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், திருவிதாங்கூர் அரசின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டு ஆணையிட்டவர் அவரே.

அச்சுக்கூடத்தால் நாடு பெற்ற பயனை அதனை நிறுவியவர் பெறவில்லை. 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவிற்று. மக்கள் நகரை விட்டு ஓடினர், தொழில்கள் நிலைகுலைந்தன. கூட்டாளியோடு கொண்ட உறவும் முறிந்தது. அச்சுக்கூடம் லோனாவாலாவுக்கு அருகில் உள்ள மளவலி என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. தாளும் மையும் கடல்கடந்து வரவேண்டும். வல்லுநருக்கு ஊதியம் தரவேண்டும். விற்ற படத்தின் பணம் நாடெங்கும் சிதறிக் கிடந்து காலந்தாழ்த்தே வரும். உடன்பிறந்தார் இருவரும் ஊர் ஊராகச் சென்று உருவப்படம் எழுதி ஈட்டினர். ஈட்டிய பொருளை அச்சுக்கூடம் விழுங்கிற்று. ஓவியத்தில் கைதேர்ந்தவர் வாணிகத்திலும் கைதேர்ந்திருத்தல் அரிது. இறுதியில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே பணிபுரிந்த ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்னும் ஜெர்மானிய வல்லுநருக்கே அச்சுக்கூடத்தையும் தம் படங்களை அச்சிடும் உரிமையையும் இரவிவர்மர் விற்றுவிட்டார்.

ஷ்லைகர் தொழில் நுட்பம் அறிந்தவர். தெய்வப் படங்களோடு நிற்காது, வாணிக நிறுவனங்களுக்கு விளம்பரப் படங்களும் நாட்காட்டிகளும் அச்சிட்டார். இரவிவர்மர் பெயர் தாங்கிய அச்சுக்கூடம் அவர் கையில் செழித்தது. அதனோடு தொழில் தொடர்பு கொண்டு, லோனாவாலாவில் படம் அச்சுக்குரிய வேலைகளைச் செய்துவந்த இளைஞர் ஒருவர் பிற்காலத்தில் அசையும் படத்தின்மேல் நாட்டம் கொண்டார். 1913-இல் அரிச்சந்திரன் கதையைத் திரைப்படமாக எடுத்து இந்தியத் திரைப்படத் தொழிலின் தந்தை எனப் பெயர் பெற்ற தாதாசாகிப் பால்கே அவர்தாம்.

1904-இல் ஆங்கில அரசு இரவிவர்மருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அச்சிறப்பின் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1905-இன் தொடக்கத்தில் தம்பி இராஜராஜவர்மர் காலமானார். இருபதாண்டுக்கு மேலாக உடன் உழைத்தவர், வழித்துணையாயும் கணக்கராயும் கையாளாயும் இருந்தவர் பிரிந்தமை இரவிவர்மரை நிலைகுலையச் செய்தது. நீரிழிவு நோயும் அவரை வருத்திற்று. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், தாம் பிறந்த கிளிமானூரிலேயே, 58-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். ஓவியராகிய அவர் மகன் இராமவர்மர் 1915-இல் மாவேலிக்கரையில் தந்தையார் பெயரால் ஓவியப் பள்ளி ஒன்றை நிறுவினார். எண்ணெய் வண்ணக் கலையைக் கற்பிப்பார் இன்றித் தந்தையார் அலைந்த நாட்டில், கற்க விரும்பியவர்க்கெல்லாம் அப்பள்ளி வாயில் திறந்தது.

அவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே கலை ஆராய்ச்சியாளர் சிலர் அவரைக் கடுமையாகக் குறைகூறினர். ஹாவெல், ஆனந்த குமாரசாமி போன்றோர் இந்திய ஓவிய மரபை உலகுக்கு உணர்த்திய பெரியோர். இரவிவர்மரின் ஓவியத்தில் ஐரோப்பிய முறையே மேலோங்கியுள்ளது, தெய்வங்கள் நாடக மேடை மாந்தர் போல் தோன்றுகின்றனர் என்பது அவர்தம் கருத்து. அதனை முற்றிலும் ஒதுக்குதல் இயலாது. அச்சில் வந்த படங்கள் சிலவற்றில் மூல ஓவியத்தின் நயம் இல்லை என்பதை எவரும் காணலாம். மற்றொரு குறையும் உண்டு. தஞ்சையிலும் மதுரையிலும் பலகைமேல் பொன்தாளும் கல்லும் பதித்துத் தெய்வப் படம் எழுதிய ராஜு, நாயுடு மரபினரின் பிழைப்பை அச்சுப் படம் பெரிதும் குறைத்துவிட்டது. ஒரு படம் எழுதப் பல நாள் உழைக்கும் ஓவியன், ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் படம் உமிழும் பொறியோடு எவ்வாறு போட்டியிடுவான்? பலர்க்குச் சோறிட்ட தொழில் சிலர் சோற்றைப் பறித்தது. இரவிவர்மரின் வாழ்வை எழுதுவோர் இதனையும் எழுதுதல் கடமை.

மளவலி அச்சுக்கூடம் 1972-இல் நேர்ந்த பெருந்தீயில் அழிந்தது. ஓவியர் மேற்பார்வையில் உருவான படங்கள் பல அதில் மறைந்தன. 1979-இல் இந்திய அரசு இரவிவர்மரின் ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வமாக அறிவித்து, அவை வெளிநாடு செல்லாதவாறு தடுத்தது. அவருடைய அச்சுப் படங்களைக் காக்க அத்தகைய ஆணை வேண்டியிருக்கவில்லை. அவை வீடுதோறும் பரவியிருந்தன.

அதற்கு முன்பே அத்தொழில் தமிழ்நாட்டில் வேறோர் ஊரில் வேரூன்றிவிட்டது. மழை குன்றிய கரிசல் நிலத்தில் உள்ள சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கிற்று. தீப்பெட்டியின்மேல் ஒட்டும் வண்ணச் சீட்டை வெளியூரிலிருந்து வாங்குவதினும் உள்ளூரில் அச்சிடுதல் ஆதாயமெனக் கண்டோர் கல்லச்சுப் பொறிகளைக் கொண்டுவந்தனர். சீட்டு அச்சிட்ட பொறி பின்னர்த் தெய்வப் படமும் நாட்காட்டியும் அச்சிட்டது. நாடகக் குழுவினர்க்குத் திரைச்சீலை எழுதிப் பழகிய ஓவியர் கொண்டைய ராஜு கோவில்பட்டியில் குடியேறி, மாணவர் பலரைப் பயிற்றி, அவ்வச்சகங்களுக்கு முருகனையும் மீனாட்சியையும் திருமகளையும் எழுதிக் கொடுத்தார். புத்தாண்டு தோறும் கடைக்காரர்கள் தம் வாடிக்கையாளருக்கு விலையின்றி வழங்கிய அந்நாட்காட்டிகள், பணம் கொடுத்துப் படம் வாங்க இயலாதோர் சுவரையும் சென்று சேர்ந்தன. ஆண்டு முடிந்ததும் தேதித் தாள்களைக் கிழித்தெறிந்த மக்கள், தெய்வத்தின் படத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டமிட்டு மாட்டினர்.